ஒரே ஏரி, மூன்று மதகுகள்

முட்டுக்காட்டில் தொடங்கி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று தெற்கே போகும் கரையில், கடலுக்கு இணையாக இன்னொரு நீர்வழியும் கிடக்கிறது. ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் பக்கம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளும் பக்கிங்காம் கால்வாய் அது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தில், நிவாரண வேலையாக அதன் விடுபட்ட பகுதிகள் வெட்டி இணைக்கப்பட்டன. கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்மேடு, அதன்மேல் கிழக்குக் கடற்கரைச் சாலை, அங்கங்கே மீனவர் குப்பங்கள், சவுக்குத் தோப்புகள். முட்டுக்காட்டில் உப்பங்கழி, வயலூர் அருகே பாலாற்றின் முகத்துவாரம், உள்ளே தள்ளிப் போனால் செங்கல்பட்டு நகரை ஒட்டிய கொளவாய் ஏரி. ஓடத் தரை, துடுப்பு போட அமைதியான நீர், துணிந்தவர்களுக்கு அலையடிக்கும் கடல் ஆகிய மூன்றும் இப்படி அருகருகே அமைந்த இடங்கள் தமிழ்நாட்டில் அதிகமில்லை. 2023 ஆகஸ்டில் சர்வதேச சர்ஃபிங் போட்டியையும், 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பையும் நடத்திக் காட்டிய மாமல்லபுரம், ஓட்டமும் கயாக்கும் சேர்ந்த போட்டிக்கும் இயற்கையாகவே பொருந்தும் களம்.

இந்த வகைப் போட்டி உலகத்துக்குப் புதிதில்லை. தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நடக்கும் டூசி போட்டி இதன் மூத்த வடிவங்களில் ஒன்று. 1951 டிசம்பரில் இயான் பிளேயரோடு சேர்ந்து எட்டுப் பேர் கிளம்பினார்கள். வழியில் பாம்பு கடித்தும் விடாமல் போய், 6 நாள் 8 மணி 15 நிமிடத்தில் டர்பனை எட்டியவர் அவர் ஒருவர் மட்டுமே. இன்று அது மூன்று நாள் போட்டி. ஆற்றில் பாறை மறிக்கும் இடங்களில் வீரர்கள் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு குன்றேறி ஓடி, மறுபக்கம் மீண்டும் நீரில் இறங்குகிறார்கள். 1860 முதல் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் சந்ததி வாழும் மண் அது. கோடையில் அங்கே அடிக்கும் புழுக்கமும் நம் கரைக்கு அந்நியமானதில்லை. நியூசிலாந்தில் 1983 முதல் நடக்கும் ‘கோஸ்ட் டு கோஸ்ட்’ போட்டியில் ஓட்டம், சைக்கிள், கயாக் மூன்றையும் சேர்த்து 243 கிலோமீட்டர் தீவைக் குறுக்கே கடக்கிறார்கள்.

இத்தகைய போட்டிக்குத் தயாராகும் யாரும் முதலில் கேட்கும் கேள்வி, கால் பலம் முக்கியமா, கை பலம் முக்கியமா என்பதுதான். ஓட்டக்காரர்கள் தோளை வலுப்படுத்த ஜிம்முக்குப் போகிறார்கள். துடுப்புக்காரர்கள் அதிகாலையில் சாலையில் ஓடுகிறார்கள். இரண்டும் தேவைதான். ஆனால் உடலியல் ஆய்வுகளை அடுக்கிப் பார்த்தால் வேறொன்று தெளிவாகிறது. காலுக்கும் கைக்கும் ரத்தம் அனுப்புவது ஒரே இதயம். வெப்பமும் ஈரமும் மிகுந்த இந்தக் கரையில் மூன்றாவதாக ஒரு பங்காளியும் அதே இதயத்தை நாடி வருகிறது. அது தோல். மாமல்லபுரம் கரையில் இப்படியொரு போட்டியின் முடிவைப் பெரும்பாலும் எழுதுவது இந்த மூன்றாம் பங்காளி என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். இதை ஒப்புக்கொண்டால் பயிற்சி, வேகம், நேரம், தூரம் ஆகிய எல்லாவற்றையும் வேறு விதமாகத் திட்டமிட வேண்டியிருக்கும்.

ஏரியின் கொள்ளளவு

செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். மதுராந்தகம் ஏரியை நம்பிப் பயிர் வைக்கிறவருக்கு ஒரு கணக்கு தெரியும். எல்லா மதகுகளையும் ஒரே நேரத்தில் முழுக்கத் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராது. மனித உடலின் ரத்த ஓட்டமும் இந்தக் கணக்குக்கு உட்பட்டதுதான். ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தை வெளியேற்றுகிறது. நன்றாகப் பயிற்சி பெற்ற ஒருவர் முழு மூச்சில் ஓடும்போது அது 20 முதல் 25 லிட்டர் வரை போகும். உலகத்தரத்து வீரர்கள் சிலரிடம் 30 லிட்டரைத் தாண்டும். ஏரியின் கொள்ளளவு அவ்வளவுதான்.

மதகுகளோ அதைவிடப் பெரியவை. 1985இல் கோபன்ஹேகனில் ஆண்டர்சனும் சால்ட்டினும் செய்த சோதனை இதை அளந்து காட்டியது. தொடையின் முன்பக்கத் தசையை மட்டும் தனியே இயக்க வைத்து, அதற்குப் போகும் ரத்தத்தை அளந்தார்கள். ஒரு கிலோ தசை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.5 லிட்டர் ரத்தத்தை ஏற்றுக்கொண்டது. ஒரு மனிதரின் உடலில் 25 முதல் 30 கிலோ வரை தசை இருக்கிறது. அத்தனையும் இதே அளவு ரத்தத்தை ஒருசேரக் கேட்டால் இதயம் நிமிடத்துக்கு 60, 70 லிட்டர் அனுப்ப வேண்டும். எந்த மனித இதயத்தாலும் அது முடியாது. ஆகவே உடல் முழுவதும் வேலை செய்யும் விளையாட்டுகளில் தசைகளின் ரத்தக் குழாய்கள் முழுக்கத் திறப்பதில்லை. நரம்பு மண்டலம் மதகுகளை ஓரளவு இறக்கியே வைத்திருக்கிறது. இல்லையென்றால் ரத்த அழுத்தம் சரிந்து மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும்.

கால் வேலை செய்துகொண்டிருக்கும்போது கையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1977இல் சேக்கரும் அவருடைய சகாக்களும் டென்மார்க்கில் ஆராய்ந்தார்கள். கை வேலையைக் கூட்டியதும் காலுக்குப் போன ரத்தம் குறைந்தது. பின்னால் வந்த சில ஆய்வுகளில் இந்தக் குறைவு தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்த முரண்பாட்டைச் சுட்டி, பங்குச் சண்டை என்பதே மிகைப்படுத்தல் என்று ஒருவர் மறுக்கலாம். ஆனால் வேலையின் கடுமையைச் சேர்த்துப் பார்த்தால் முரண்பாடு பெருமளவு கரைந்துவிடுகிறது. மிதமான வேகத்தில் இதயத்துக்கு இன்னும் கூட்டிக்கொடுக்க இடமிருக்கிறது, கேட்டவருக்கெல்லாம் கிடைக்கும். நிறைந்த ஏரியில் தகராறு வராது. உச்ச வேகத்தை நெருங்க நெருங்கத்தான், ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறைக்க வேண்டியிருக்கிறது. போட்டி என்பது அந்த உச்சத்துக்கு அருகில் நீண்ட நேரம் நிற்கும் முயற்சி.

கை என்னும் சிறு மதகு

கைக்கும் காலுக்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. கையால் மட்டும் முழு முயற்சியில் வேலை செய்யும்போது உடல் எடுக்கும் ஆக்சிஜன், காலால் செய்யும்போது எடுப்பதில் பொதுவாக 70 சதவீத அளவே. கையும் காலும் ஒரே அளவு வேலை செய்தாலும், கை வேலையில் இதயத் துடிப்பு அதிகம், ரத்தத்தில் லாக்டேட் அதிகம். பனிச்சறுக்கு வீரர்களிடம் கால்பெத்தும் அவருடைய குழுவினரும் செய்த அளவீடுகள், வந்து சேரும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சுவதில் கைத்தசைகள் காலைவிடப் பின்தங்குவதைக் காட்டின. அத்தனைக்கும் அவர்கள் ஆண்டுக்கணக்காகக் கையைப் பழக்கியவர்கள். கை ஏரித் தண்ணீரைச் சற்றே வீணாக்கும் மதகு என்றால் தவறில்லை.

ஓட்டத்தில் சம்பாதித்த திறன் துடுப்புக்கு எவ்வளவு உதவும் என்பதற்கும் சால்ட்டின் ஒரு விடை வைத்திருந்தார். 1976இல் வெளிவந்த ஆய்வொன்றில் ஒரு காலை மட்டும் சைக்கிள் மிதிக்கப் பழக்கி, பிறகு இரண்டு கால்களையும் தனித்தனியே சோதித்தார்கள். பயிற்சி பெற்ற காலில் தெரிந்த முன்னேற்றம் மறுகாலில் பெரும்பாலும் தென்படவில்லை. இரண்டுக்கும் இதயம் ஒன்றுதான். ஆனால் நுண்குழாய்களும் நொதிகளும் உழைத்த தசையில்தான் பெருகின. பத்து கிலோமீட்டரை 40 நிமிடத்தில் ஓடும் இளைஞர் கயாக்கில் உட்கார்ந்த கால் மணி நேரத்தில் தோள் துவண்டு நிற்பதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. பெரிய ஏரி அவரிடம் உண்டு. கைக்குப் போகும் வாய்க்கால் தூர்வாரப்படவில்லை.

கயாக் வெறும் கை வேலையா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. தேர்ந்த துடுப்புக்காரரை உற்றுப் பாருங்கள். வலப்பக்கத் துடுப்பு நீரில் விழும் அதே கணத்தில் வலக்கால் படகுக்குள் இருக்கும் மிதிப்பலகையை அழுத்துகிறது, இடுப்பு திரும்புகிறது, முதுகுத் தசைகள் இழுக்கின்றன, முழங்கை அதிகம் மடங்குவதே இல்லை. 2016இல் சுவீடனில் நில்சனும் ரோஸ்டாலும் கால்களை அசைய விடாமல் தடுத்துத் துடுப்பு போட வைத்தபோது, படகின் வேகம் ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. ஆக, கயாக்கிலும் கால் பங்கு கேட்கிறது. உடலின் பெரிய தசைகளை வேலையில் இழுத்துவிடுகிறவர் சிறிய தசைகளின் சுமையைக் குறைக்கிறார். துடுப்புத் திறமை என்று நாம் மெச்சுவதில் பெரும்பகுதி இந்தப் பங்கீட்டுத் திறமைதான்.

இதனோடு நீரின் இயற்பியலும் சேர்கிறது. சமதரையில் ஓடும்போது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் ஆற்றல், வேகம் கூடினாலும் குறைந்தாலும் ஏறத்தாழ மாறாது. 5 சதவீதம் வேகமாக ஓட 5 சதவீதம் கூடுதல் திறன் போதும். நீரிலோ இழுவிசை வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறுகிறது. தேவைப்படும் திறன் மும்மடிக்கேற்ப ஏறுகிறது. அங்கே 5 சதவீத வேகத்துக்கு ஏறத்தாழ 16 சதவீதமும், 10 சதவீதத்துக்கு 33 சதவீதமும் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். தரையில் வாங்கும் ஒரு நிமிடம் மலிவு. நீரில் வாங்கும் ஒரு நிமிடம் விலை அதிகம். முன்னே போகும் படகின் பக்க அலையில் ஒட்டிப் போனால் ஆக்சிஜன் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மிச்சமாகும் என்று அளவிட்டிருக்கிறார்கள். எனவே நீரில் சீராகப் போவதும், முடிந்தால் இன்னொரு படகை ஒட்டிப் போவதும்தான் புத்திசாலித்தனம். மணலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 1998இல் பெல்ஜியத்தில் லெழனும் சகாக்களும் அளந்தபோது, மணலில் ஓட இறுகிய தரையைவிட 1.6 மடங்கு ஆற்றல் தேவைப்பட்டது. கடற்கரை மணலில் ஒரு கிலோமீட்டர் ஓடுவது, சாலையில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடியதற்குச் சமம்.

தோல் கேட்கும் பங்கு

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். செங்கல்பட்டுக் கரையைத் தனியாகப் பிரித்துக் காட்டுவது காற்றின் ஈரம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 600 கிலோகலோரி செலவழிக்கிறார். அதில் மிகப் பெரும்பகுதி உடலுக்குள் வெப்பமாகத் தங்குகிறது. அதை வெளியேற்றும் முதன்மையான வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் போகும். முழுக்க ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். முகவாயிலிருந்து சொட்டித் தரையில் விழும் வியர்வை உடலின் நீரை எடுத்துக்கொண்டு போகிறதே தவிர வெப்பத்தைக் கொண்டுபோவதில்லை.

ஆவியாதலைத் தீர்மானிப்பது தோலின் மேலிருக்கும் நீராவி அழுத்தத்துக்கும் காற்றிலிருக்கும் நீராவி அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு. 35 டிகிரி வெப்பத்தில் நனைந்த தோலின் மேல் அந்த அழுத்தம் 5.6 கிலோபாஸ்கல். ஜனவரி விடியலில் 22 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் அழுத்தம் 2.4, வேறுபாடு 3.2. மே மாதம் காலை ஒன்பதரைக்கு 33 டிகிரி, 68 சதவீதம் என்றால் காற்றின் அழுத்தம் 3.4, வேறுபாடு 2.2 மட்டுமே. வியர்வையின் வேலைத்திறனில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதோடு காற்றும் தோலும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தில் இருப்பதால், காற்று நேரடியாக எடுத்துச் செல்லும் வெப்பமும் மிகக் குறைவு. மேலே வெயில் வேறு. ஒப்பிட்டுப் பார்க்க, உள்மாவட்டத்தில் வறண்ட ஒரு பகலில் 38 டிகிரியும் 30 சதவீத ஈரமும் இருந்தால் அந்த வேறுபாடு 3.6. வெப்பமானி அங்கே 5 டிகிரி கூடக் காட்டினாலும் வியர்வை ஆவியாக அந்த ஊர்க்காற்றே தாராளமாக இடம் கொடுக்கிறது. வெப்பநிலை அறிக்கையை மட்டும் பார்த்து, கடற்கரை குளுமையானது என்று முடிவுகட்டிப் போட்டி வைப்பது எவ்வளவு ஆபத்து என்பது இதிலிருந்து விளங்கும்.

வெப்பம் வெளியேற வேண்டுமென்றால் முதலில் அது தோலுக்கு வந்து சேர வேண்டும். அதைச் சுமந்து வருவது ரத்தம். வெப்பம் மிகும்போது தோல் நிமிடத்துக்குப் பல லிட்டர் ரத்தத்தைக் கேட்கிறது. மறுபக்கம் வியர்வையாகப் போகும் நீரில் ஒரு பகுதி ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து வருகிறது. ஒரு மதகு புதிதாகத் திறக்க, அதே நேரத்தில் ஏரியின் மட்டமும் இறங்குகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைய, இதயம் துடிப்பைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கிறது. ஒரு கட்டத்துக்குமேல் அதுவும் முடிவதில்லை. கடும் வெப்பத்தில் உழைக்கும்போது இதயம் வெளியேற்றும் மொத்த ரத்தமும், தசைக்குப் போகும் ரத்தமும், உடல் எடுக்கும் ஆக்சிஜனின் உச்ச அளவும் குறைவதை கொன்சாலெஸ்-அலோன்சோவும் கால்பெத்தும் 2003இல் நேரடியாக அளந்து காட்டினார்கள்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். ஓட்டமும் கயாக்கும் ஒன்றன்பின் ஒன்றாகத்தானே வருகின்றன? காலின் முறை முடிந்த பிறகுதானே கையின் முறை தொடங்குகிறது? அப்படியிருக்கப் பங்குச் சண்டை எங்கிருந்து வந்தது? காலையும் கையையும் மட்டும் பார்த்தால் இந்த மறுப்பு சரியானதே. ஆனால் ஓட்டம் முடிந்து படகில் உட்காரும்போது தோலின் மதகு மூடிக்கொள்வதில்லை. ஓடிச் சேர்த்த வெப்பமும், வியர்த்துப் போன நீரும் அப்படியே படகேறுகின்றன. கொன்சாலெஸ்-அலோன்சோ குழுவின் 1999ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு நேரான சான்று. ஏழு சைக்கிள் வீரர்களை 40 டிகிரி வெப்பத்தில் ஒரே வேகத்தில் மிதிக்க வைத்தார்கள். தொடங்கும்போது அவர்களின் உள்ளுடல் வெப்பம் ஒரு முறை ஏறத்தாழ 36, மறுமுறை 37, மூன்றாம் முறை 38 டிகிரியாக இருக்கும்படி முன்கூட்டியே குளிர்வித்தோ சூடாக்கியோ வைத்திருந்தார்கள். முதல் முறை 63 நிமிடமும், அடுத்து 46 நிமிடமும், கடைசியில் 28 நிமிடமும் தாங்கினார்கள். மூன்று முறையும் கால் நின்றபோது உடல் வெப்பம் 40 டிகிரியைச் சற்றே தாண்டியிருந்தது. எந்த இடத்தில் நின்றுபோவோம் என்பது ஏறத்தாழ ஒன்றுதான்; எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதே நேரத்தைத் தீர்மானித்தது. ஆகவே ஓட்டத்திலிருந்து கயாக்குக்கு நாம் கொண்டுபோகும் முக்கியமான சுமை கால்வலி இல்லை. உடம்பில் ஏறிய ஒன்றரை டிகிரிதான் அந்தச் சுமை.

தண்ணீர் குளிர்விக்காதா?

படகில் இருப்பவர் தண்ணீரின் மேல்தானே இருக்கிறார், அது குளுமை தராதா என்று கேட்கலாம். நீந்துகிறவருக்கு அது உண்மை. கயாக்கில் உட்கார்ந்தவரின் உடலோ நீரில் இல்லை. இடுப்புக்குக் கீழே மூடிய படகென்றால் கால்கள் காற்றோட்டமில்லாத குழிக்குள் நீண்டு கிடக்கின்றன. மார்பையும் முதுகையும் லைஃப் ஜாக்கெட் மூடியிருக்கிறது. உடம்பில் மிகுதியாக வியர்க்கும் இடங்களில் முதுகும் மார்பும் முன்னணியில் உள்ளவை. அங்கே சுரக்கும் வியர்வை நுரைத்தாளுக்கும் தோலுக்கும் நடுவே தேங்கி நிற்கிறது, ஆவியாவதில்லை. இதற்காக ஜாக்கெட்டைக் கழற்றிவிடலாம் என்று ஒருநாளும் சொல்லக்கூடாது. உயிர்காக்கும் பொருளில் சமரசம் கிடையாது. செய்யக்கூடியது, படகேறுமுன் ஜாக்கெட்டோடு ஒருமுறை கழுத்தளவு நீரில் முங்கி எழுவது, வழியில் தொப்பியை நனைத்துப் போட்டுக்கொள்வது. வங்கக் கடலின் நீர் 27 முதல் 30 டிகிரி வரை இருந்தாலும் தோலைவிடக் குளுமைதான். மேலே ஊற்றிக்கொள்ளும் நீர், உடம்பிலிருந்து ஒரு சொட்டும் எடுக்காமல் வியர்வையின் வேலையைச் செய்கிறது. நீர் குளிர்விக்கும், ஆனால் கேட்டு வாங்கினால்தான் குளிர்விக்கும்.

குடிப்பதிலும் இப்படியொரு நுணுக்கம் இருக்கிறது. ஓடுகிறவருக்குக் கை சும்மா இருக்கிறது. துடுப்பு போடுகிறவருக்கு இரண்டு கையும் வேலையில். பாட்டிலை எடுக்கத் துடுப்பை மடியில் வைத்தால் படகு நிற்கும், அலையில் ஆடும். அதனால் பலர் குடிக்காமலேயே போகிறார்கள். தோளிலிருந்து வாய்க்கு வரும் குழாய்ப் பை இதற்கு எளிய தீர்வு. மறுபக்கம், பயந்துபோய் லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீரைக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வியர்க்கிறோம் என்று தெரியும். தாகத்துக்குக் குடிப்பது, உப்பு சேர்ந்த மோரோ கஞ்சியோ போட்டிக்கு முந்தைய நாளிலிருந்தே குறையாமல் எடுத்துக்கொள்வது, போட்டி முடிவில் எடை கூடாமல் பார்த்துக்கொள்வது என்ற மூன்றும் போதும்.

அடுத்த மறுப்பு குப்பங்களிலிருந்து வரும், அது மதிப்போடு கேட்க வேண்டியது. இந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுமரத்தை மணலில் தள்ளிக்கொண்டு ஓடி, அலையைத் தாண்டி, மண்டியிட்டுத் துடுப்பு வலித்தவர்கள் இருந்தார்கள். ஓட்டமும் துடுப்பும் அவர்களுக்கு அன்றாடப் பிழைப்பு. வெயில் அவர்களை வீழ்த்தியிருந்தால் இந்தக் கரையில் மீன்பிடித் தொழிலே இருந்திருக்காது. ஆம், வீழ்த்தவில்லை, அதற்கு அறிவியலில் தெளிவான காரணங்கள் உண்டு. முதலாவது, பழக்கம். 1993இல் போடில் நீல்சன் குழுவினர் டென்மார்க்கில் பயிற்சி பெற்ற ஆட்களை 40 டிகிரி வெப்பத்தில் 9 முதல் 12 நாட்கள் வரை தினமும் உழைக்க வைத்தார்கள். முதல் நாள் 48 நிமிடத்தில் ஓய்ந்தவர்கள் கடைசியில் 80 நிமிடம் தாங்கினார்கள். ரத்தத்தில் பிளாஸ்மா பெருகியது, வியர்வை கூடியது, ஏரி ஆழமானது. ஆனால் அவர்கள் ஓய்ந்துபோன உடல் வெப்பம் முதல் நாளிலும் கடைசி நாளிலும் 39.7 டிகிரிதான். பழக்கம் எல்லைக்கோட்டை நகர்த்தவில்லை. அங்கே போய்ச் சேரும் நேரத்தைத் தள்ளிப்போட்டது. மீனவர் உடலுக்கு அந்தப் பழக்கம் வாழ்நாள் முழுதும் கிடைக்கிறது. வாரம் முழுவதும் குளிரூட்டிய அறையில் இருந்துவிட்டு ஞாயிறன்று ஓட வருகிறவருக்குக் கிடைப்பதில்லை.

இரண்டாவது காரணம் நேரம். இரவில் நிலம் குளிர, விடியுமுன் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். கட்டுமரங்கள் அந்தக் காற்றோடு இருட்டிலேயே கிளம்பின. பகலில் கடற்காற்று திரும்பியதும் அதோடு கரை சேர்ந்தன. கடலோடிகள் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத்தான் போனார்கள். இந்தக் கரையோர நீரோட்டம் பிப்ரவரி, மார்ச் தொடங்கிக் கோடையில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடுகிறது என்று இன்றைய கடலியல் வரைபடமாகக் காட்டுவது, அவர்களுக்கு அன்றாடத் தொழிலறிவு. ஆகவே மீனவர் சான்று என் வாதத்துக்கு எதிராக நிற்கவில்லை. உடலைப் பழக்கி, நேரத்தைத் தேர்ந்து, தோலின் பங்கைக் குறைத்துக்கொண்டவர்களின் சான்று அது.

கடைசியாக ஒன்று. அலையில் சமநிலை, படகைத் திருப்பும் லாவகம், நீரைப் படிக்கும் கண் ஆகிய திறமைகள்தானே கயாக்கில் வெல்கின்றன, இதயத்தை ஏன் இவ்வளவு பேச வேண்டும் என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். திறமை பெரிது என்பதில் ஐயமில்லை. உடையும் அலையில் கவிழ்ந்து மீண்டும் ஏறுகிறவர் இழக்கும் இரண்டு நிமிடத்தை எந்த இதயமும் மீட்டுத் தராது. ஆனால் திறமை தனியாக ஒரு மூலையில் நின்று வேலை செய்வதில்லை. தடுமாறுகிறவர் சமநிலைக்காகவே உடம்பை இறுக்கி ஆக்சிஜனைச் செலவழிக்கிறார். தேர்ந்தவர் அதை மிச்சம் பிடிக்கிறார். உடல் அளவுக்கு மீறிச் சூடேறும்போது கவனமும் முடிவெடுக்கும் திறனும் மங்குகின்றன. நிதானமான மனநிலையில் ஒருவர் தவறவிடாத அலையை அப்போது தவறவிடுகிறார். திறமை பங்கீட்டைச் செம்மையாக்குகிறது, பங்கீடு திறமையைக் காக்கிறது.

விடியலின் வரிசை

இந்த வாதம் சரியென்றால் மாமல்லபுரம் கரையில் ஒரு நல்ல போட்டியின் வடிவம் தானே உருவாகிறது. மாதத்தை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்டில் தெற்கிலிருந்து வரும் அலைகள் சர்ஃபிங்குக்கு ஏற்றவை. கயாக்கில் கடல் தாண்ட அவை இடையூறு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழையும் புயலும். கோடையை நினைக்கவே வேண்டாம். 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. மிஞ்சுவது ஜனவரியும் பிப்ரவரியும். அப்போது விடியல் வெப்பம் இருபது டிகிரியை ஒட்டி இருக்கும், சூரியன் ஏறத்தாழ ஆறரைக்கு உதிக்கும்.

இனி வரிசை. உடலில் அதிக வெப்பத்தைச் சேர்ப்பது ஓட்டம், ஏனென்றால் அதில் பெரிய தசைகள் முழு மூச்சில் வேலை செய்கின்றன. ஆகவே அது நாளின் மிகக் குளிர்ந்த நேரத்தில் வர வேண்டும். வெளிச்சம் போட்ட சாலையில் இருட்டிலும் ஓடலாம். இருட்டில் படகை நீரில் இறக்கக் கூடாது. நிலக்காற்று வீசும் விடியலில் நீர் கண்ணாடிபோலக் கிடக்கும். முற்பகல் கடந்து கடற்காற்று எழுந்தால் சுருக்கலைகள் கிளம்பும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விடை ஒன்றுதான். ஐந்தரைக்கு ஓட்டம், சூரியன் எழும்போது படகு, எட்டு மணிக்குள் எல்லாம் முடிவு. ஓட்டப் பாதை மணலில் நீளக் கூடாது. படகுப் பகுதியைப் புதியவர்களுக்கு உப்பங்கழியிலும், தேர்ந்தவர்களுக்கு மட்டும் கடலிலும் வைக்க வேண்டும். ஓட்டத்துக்கும் படகுக்கும் நடுவில் உடலை நனைத்துக் குளிர்விக்க இரண்டு நிமிடத்தைக் கட்டாயமாக்கி, அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். அப்போது அவசரத்தால் யாரும் அதைத் தவிர்க்க மாட்டார்கள்.

பந்தயம் என்றால் அவரவர் துணிச்சல், இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்பார் சிலர். வெப்பத்தாக்கு துணிச்சலைப் பார்த்து ஒதுங்குவதில்லை என்பதே அதற்குப் பதில். உடல் வெப்பம் கட்டுமீறியவர் தன் நிலையைத் தானே உணர்வது அரிது. குழம்பிய மூளையோடு இன்னும் வேகமாகத் துடுப்பு போட முயல்வார். தரையில் மயங்கினால் பக்கத்தில் ஆள் இருப்பார். நீரில் மயங்கினால் அந்த நொடியில் யாரும் இருக்க மாட்டார்கள். மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விதி, முதலில் குளிர்விப்பது, பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. அதற்கு ஐஸ் நீர் நிரப்பிய பெரிய தொட்டிகள் வேண்டும். ஐஸுக்கு இந்தக் கரையில் பஞ்சமில்லை. மீன் இறங்கும் ஊர்களில் தினமும் பெட்டி பெட்டியாக உடைக்கிறார்கள். படகுப் பாதையில் காவல் நிற்க, நீரைப் பார்த்தே ஆபத்தை அறியும் மீனவர்களைவிடத் தகுந்தவர்கள் யார்? அவர்களுக்கு முறையான ஊதியம் கொடுத்துப் போட்டியின் பாதுகாப்பை ஒப்படைப்பது இந்தக் கரைக்குச் செய்யும் மரியாதையுமாகும்.

வீரருக்கும் இதே கணக்கிலிருந்துதான் பயிற்சி பிறக்கிறது. இதயத்தைப் பெரிதாக்க ஓட்டம் உதவும், ஆனால் கைத்தசையின் நுண்குழாய்களைத் துடுப்பு மட்டுமே வளர்க்கும். எனவே இரண்டையும் தனித்தனியே பழக வேண்டும். ஓடி முடித்த சூட்டோடு படகேறும் பயிற்சி வாரம் ஒருமுறையாவது வேண்டும், ஏனென்றால் போட்டியில் கிடைக்கப்போகும் உடல் அந்த உடல்தான். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் அளவாக வெப்பத்தில் உழைத்து உடலைப் பழக்க வேண்டும். போட்டி நாளில் ஓட்டத்தைத் தன் உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்து, தோலுக்குப் போக வேண்டியதை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மீதியைக் காலுக்கும் கைக்கும் பிரிப்பவர் கடைசி இரண்டு கிலோமீட்டரில் மற்றவர்களை ஒவ்வொருவராகத் தாண்டுவார். இந்தக் கரையில் பிறந்து, கடற்காற்றில் ஓடி, துடுப்போடு வளர்ந்த குப்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கில் பாதி ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது. மீதிப் பாதியை, அதாவது முறையான பயிற்சியையும் ஒரு நல்ல படகையும் அவர்களுக்குக் கொடுத்தால், டூசி ஆற்றிலும் நியூசிலாந்திலும் போட்டியிடும் தகுதியுள்ள வீரர்கள் கோவளத்திலிருந்தும் சதுரங்கப்பட்டினத்திலிருந்தும் எழுந்து வருவார்கள் என்று நம்ப உடலியல் நமக்குப் போதுமான காரணம் தருகிறது.